இணைய விளையாட்டுக்கு வயரா, வைஃபையா?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஃபைபர் இணைப்பு உண்டு. ரவுட்டர் வரவேற்பறையிலும் மகனின் கணினி கடைசி அறையிலும் உள்ளன. இரவு எட்டு மணிக்குப் பின் அவன் நண்பர்களோடு விளையாடும்போது ஆட்டம் அடிக்கடி உறைந்துவிடுகிறது. வேகத்தைச் சோதித்தால் 80 மெகாபிட் காட்டுகிறது. இன்னும் வேகமான பொதிக்கு மாறச் சொல்கிறான். மாறலாமா, அல்லது வயர் இழுப்பதா?
– வாசகி, கொழும்பு 06

பதில்: சகோதரி, பொதியை மாற்ற வேண்டாம். ஆட்டம் நடக்கும்போது பரிமாறப்படும் தரவு மிகச் சொற்பமானது; பெரும்பாலான விளையாட்டுகளுக்குச் செக்கனுக்கு ஒரு மெகாபிட்கூடத் தேவைப்படாது. மகனுக்கு வேண்டியது, தரவு போய்வர எடுக்கும் நேரமாகிய பிங் குறைவாகவும் சீராகவும் இருப்பதே. பிங் 60 மில்லிசெக்கனில் நிலைத்து நின்றால் கை அதற்குப் பழகிவிடும். 50க்கும் 250க்கும் இடையே அது தாவிக்கொண்டிருந்தால் எவ்வளவு திறமையுள்ள பிள்ளையாலும் ஆட முடியாது.

அந்தத் தாவலுக்குப் பெரும்பாலும் வைஃபையே காரணம். வைஃபை ஒரு வானொலி அலை; ஒரு சனலில் (அலைவரிசையின் ஒரு பிரிவில்) ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டுமே அனுப்ப முடியும், மற்றவை அது முடியும்வரை காத்திருக்க வேண்டும், இரண்டு ஒன்றாக அனுப்பிவிட்டால் இரண்டும் மறுபடி அனுப்ப வேண்டும். 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்று படியாத சனல்கள் 1, 6, 11 என மூன்றே இருக்க, உங்கள் தொடர்மாடியில் மேலும் கீழும் பக்கத்திலுமாக எத்தனை ரவுட்டர்கள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எல்லோரும் வேலையால் வந்து காணொளி பார்க்கும் இரவு எட்டு மணிக்கு நெரிசல் கூடுவது இயல்பே. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹேட்ஸில் சனல்கள் அதிகம், ஆனால் கொங்கிரீட் சுவர்களைத் தாண்டும்போது அது விரைவில் வலுவிழந்துவிடும். கடைசி அறைக்கு அதை நம்ப முடியாது.

வயரில் இந்தக் காத்திருப்பு இல்லை. அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ரவுட்டருக்குப் போய்வர ஒரு மில்லிசெக்கனுக்கும் குறைவாகவே எடுக்கும். ஆனால் தூரத்தால் வரும் தாமதத்தை எந்த வயரும் நீக்காது என்பதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விளையாட்டை நடத்தும் கணினியாகிய சேர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் இங்கிருந்து சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், அங்குள்ள சேர்வருக்கு நேர்க்கோட்டில் போய்வரவே 27 மில்லிசெக்கன் வேண்டும்.

காசு செலவழிக்க முன்னர் ஒரு சோதனை. இரவு எட்டரைக்கு, மகனின் கணினியிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு (பல வீடுகளில் 192.168.1.1) சில நிமிடங்கள் தொடர்ந்து பிங் கட்டளை (போய்வரும் நேரத்தை அளப்பது) கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரமே 100, 200 மில்லிசெக்கன் என்று தாவினால் கோளாறு வீட்டுக்குள். வயர் அதைத் தீர்க்கும். அது 2, 3 என்று அமைதியாக இருந்தும் ஆட்டம் உறைந்தால், வீட்டில் யாராவது அந்நேரம் பெரிய கோப்புகளைப் பதிவேற்றுகிறார்களா என்று பாருங்கள். இல்லையெனில் இணைப்பு வழங்குநரிடம் முறையிடுங்கள்.

வயர் என்று முடிவானால் கேட் 5ஈ அல்லது கேட் 6 (Cat 5e, Cat 6) என்ற தர வகைக் கேபிளே போதும்; 100 மீற்றர் வரை கிகாபிட் வேகம் குறையாது. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவான கேபிளைத் தவிர்த்து, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். வாடகை வீடென்பதால் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. தட்டையான கேபிளைச் சுவரோரமாகக் கொண்டுபோய்க் கதவின் அடியால் விடலாம்.

கேள்வி: எங்களிடம் சிம் போடும் 4ஜி ரவுட்டரே இருக்கிறது. நாங்களும் கேபிள் போட்டால் சரியாகுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பாதிதான் சரியாகும், ஐயா. கேபிள் உங்கள் அறைக்கும் ரவுட்டருக்கும் இடையிலான பகுதியை மட்டுமே சீராக்கும்; ரவுட்டரிலிருந்து கைத்தொலைபேசிக் கோபுரம் வரை இருப்பது அயலவர் எல்லோரும் பங்குபோடும் வானொலி அலையே. ரவுட்டரைக் கோபுரத்தின் பக்கமுள்ள யன்னலோரம் வைத்து, அங்கிருந்து கணினிக்குக் கேபிள் இழுங்கள். உங்கள் வீதிக்கு ஃபைபர் வந்திருந்தால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.