ஆவன எவை?

கேள்வி: நாடாளுமன்றத்தில் ஒரே நாளில் ரயில் நிறுத்தம், குடிநீர், ஓய்வூதியம் என்று எம்.பி.க்கள் எத்தனையோ குறைகளை எழுப்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘ஆவன செய்யப்படும்’ என்று அமைச்சர் சொன்னதாகவே செய்தி வருகிறது. இதை நம்பலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ‘ஆவன’ என்று றன்னகரம் போட்டு எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு வணக்கம். மனு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ‘ஆவண செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று டண்ணகரம் போடுகிறார்கள். ஆவணம் என்றால் பத்திரம், பதிவேடு. ஆவன என்றால் ஆக வேண்டியவை. ஆ, வ், அன், அ என்று பிரியும், எதிர்காலம், பலவின்பால். ஒன்றாக இருந்தால் ஆவது. பலவாக இருந்தால்தான் ஆவன. ஆகவே ஓர் அமைச்சர் ‘ஆவன’ என்றால் செய்ய வேண்டியவை ஒன்றுக்கு மேல் இருக்கின்றன என்று பொருள். அவை எவை என்று கேட்க நமக்கு இலக்கணமே உரிமை தருகிறது. ‘செய்யப்படும்’ என்பதில் செய்கிறவர் யார் என்பதும் இல்லை. அதையும் கேட்க வேண்டும்.

ஆனால் அமைச்சர் அப்படித்தான் சொன்னாரா? என் பழைய சண்டை இதில்தான். ‘பரிசீலனையில் உள்ளது’, ‘நான் கவனிக்கிறேன்’, ‘விசாரித்து வருகிறோம்’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ – இவை நான்கும் வெவ்வேறு பதில்கள். செய்தி எழுதுகிறவர்கள் நான்கையும் ஒரே உரலில் போட்டு இடித்து ‘ஆவன செய்யப்படும்’ என்று கொடுத்துவிடுகிறார்கள். வாசகனுக்கு இது பெரிய நஷ்டம். மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று 1953 டிசம்பர் முதல் இருக்கிறது. 15 உறுப்பினர்கள், அமைச்சர்களுக்கு இடமில்லை. எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழியாகும் என்று ஒரு பட்டியலே உண்டு. அமைச்சர் அவையில் அப்படிப்பட்ட ஒன்றைச் சொல்லி, அது உறுதிமொழி என்று எடுக்கப்பட்டால், மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றி, நிறைவேற்ற அறிக்கையை அவையில் வைக்க வேண்டும். முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். கைவிட வேண்டுமென்றாலும் குழு சம்மதிக்க வேண்டும். நம் சட்டமன்றத்திலும் இதே பெயரில் குழு உண்டு; மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கு வரும் குழுக்களில் அதுவும் ஒன்று. டண்ணகர ஆவணமாகப் பதிவாகும்போதுதான் றன்னகர ஆவனவுக்குக் கெடு விழுகிறது.

ஆகவே எம்.பி. எந்த நேரத்தில் எழுப்பினார் என்று முதலில் பாருங்கள். தொலைக்காட்சியில் அதிகம் காட்டப்படுவது, அவசர விஷயங்களை உறுப்பினர்கள் எழுப்பும் பூஜ்ய நேரம். அதில் எழுப்புவதற்கு அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மக்களவை நடைமுறை விதிகளில் 377ஆம் விதியின் கீழ் எழுப்பினால் பதில் பிறகு கடிதமாக அந்த உறுப்பினருக்குப் போகும். பிடி இறுகுவது கேள்வி நேரத்தில். 15 முழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்து, குலுக்கலில் தேறி வர வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. அவற்றுக்குத்தான் வாய்மொழிப் பதிலும் துணைக்கேள்வியும். எழுத்தில் பதில் பெறுபவை 230. அந்த 20இல் நாலைந்துதான் பெரும்பாலும் பேச்சுக்கு வரும். 2019 நவம்பர் 27 அன்று இருபதும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதற்கு முன் அப்படி நடந்தது 1972இல். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில் இருந்ததே என்பார்கள். எழுத்துப் பதிலை எழுந்து நின்று மடக்க முடியாது. அன்றும் அது தவறு என்றேன், இன்றும் அதையே சொல்கிறேன்.

கேள்வி கெட்டுப்போவது பெரும்பாலும் கேட்கும் விதத்தில். வருங்கால வைப்பு நிதியை (பி.எஃப்.) ஒட்டிய ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். இதைப் பற்றி, ‘(அ) உயர்த்தும் உத்தேசம் அரசுக்கு உண்டா? (ஆ) உண்டெனில் விவரம் என்ன? (இ) எப்போது?’ என்று கேட்டால், முதலாவதற்கு ‘இல்லை’, மற்ற இரண்டுக்கும் ‘கேள்வி எழவில்லை’ என்று முடித்துவிடலாம். ஒரே சொல்லில் மூன்றும் போயிற்று. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை முதலில் வைக்கவே கூடாது. ‘(அ) 1,000 ரூபாய் மட்டும் பெறுவோர் மாநிலவாரியாக எத்தனை பேர்? (ஆ) உயர்த்தக் கோரி வந்த பரிந்துரைகள் எவை, தேதி என்ன? (இ) ஒவ்வொன்றின் மீதும் எடுத்த முடிவு என்ன?’ என்று கேட்டால் ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். பதில் வந்ததும் இன்னொன்றைக் கவனியுங்கள். ‘(அ) முதல் (இ) வரை’ என்று சேர்த்து ஒரே பத்தியாக வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு பகுதி அதற்குள் காணாமல் போயிருக்கும். கேள்வியை இடப்பக்கமும் பதிலை வலப்பக்கமும் வைத்து வரிக்கு வரி டிக் போட்டுப் பாருங்கள். விடுபட்ட வரிதான் உங்கள் எம்.பி.யின் அடுத்த கேள்வி.

குடிநீரை ரயிலோடு சேர்த்துச் சொன்னீர்கள். உங்கள் தெரு மேல்நிலைத் தொட்டி மாநிலத்தின் பொறுப்பு. தில்லியில் கேட்டால் அனுமதியே கிடைக்காது. ஜல் ஜீவன் போன்ற ஒன்றிய அரசுத் திட்டத்தின் நிதியை முன்வைத்துக் கேட்டால் அனுமதி கிடைக்க வழியுண்டு.

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நேரு காலத்து நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியை நினைத்துப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய் போட்ட விவகாரம், 1957இல் மக்களவையில் கேள்வியாகத்தான் கிளம்பியது. நிதியமைச்சரின் பதில் போதாது என்று விடாமல் துருவியவர் ஃபெரோஸ் காந்தி. ஆளுங்கட்சி எம்.பி., பிரதமரின் மருமகன். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை வெளிப்படையாக நடந்தது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். எதிர்க்கட்சி கேட்டால்தான் கேள்வி என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

நம்பலாமா என்றீர்கள். அமைச்சர் அதைச் சொன்ன தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்ற இணையதளத்தில் அமைச்சகம், தேதி போட்டுத் தேடினால் பதிலின் மூல வாசகம் கிடைக்கும். அதில் உறுதிமொழி இருந்தால் மூன்று மாதம் எண்ணுங்கள். நாள் கடந்ததும் உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். கேள்வி எண்ணையும் தேதியையும் மேலேயே எழுதிவிடுங்கள். றன்னகரம்தான் உங்களுக்கு வருகிறதே.