கடல் தாண்டும் டிராலர் யாட்: வாங்க நினைப்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

கப்பல் எஞ்சின் வேலையில் தொடங்கி, பிறகு டிராலர் யாட்களைப் பராமரிப்பதும் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுமே என் தொழிலாகிவிட்டது. மீன்பிடி விசைப்படகின் உடலமைப்பைத் தழுவிக் கட்டிய, வலை இல்லாத, பாய் இல்லாத, டீசலில் மட்டும் ஓடும் வீட்டுப் படகுகள் இவை. நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, "டிராலர்" என்று விற்கிற எல்லாப் படகும் கடல் தாண்டுமா? பழைய கிராண்ட் பேங்க்ஸ் 42 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதில் ஹவாய் போகலாமா?

போக முடியாது தம்பி. கிராண்ட் பேங்க்ஸ் அருமையான படகு, ஆனால் கரையோரப் படகு. கொஞ்சம் வேகமெடுக்க வசதியாக அதன் பின்பாதி அடித்தளத்தைத் தட்டையாக அமைத்திருக்கிறார்கள். பெருங்கடலுக்கு வேண்டியது வேறு: நீரை முழுதாக விலக்கிக்கொண்டு போகும் உருண்ட அடிப்பகுதி, ஆழமான கீல் (அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு), அடியில் பாரம், தடித்த கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய டீசல் டேங்க். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு ஏறக்குறைய 2,100 கடல் மைல். இடையில் ஒரு தீவு கிடையாது, ஒரு லிட்டர் டீசல் கிடையாது.

இந்த வகைக்கு வழிகாட்டியவர் அமெரிக்கக் கடற்படை கேப்டன் ராபர்ட் பீபி. அவர் வடிவமைத்த 50 அடி 'பாசேஜ்மேக்கர்' 1963இல் சிங்கப்பூரில் கட்டி முடிக்கப்பட்டு, அங்கிருந்தே இந்தியப் பெருங்கடல் வழியாகக் கிரீஸ் போய்ச் சேர்ந்தது. பிறகு வந்த நார்ட்ஹேவன், கேடி-க்ரோகன், டீசல் டக், செலீன் எல்லாம் அந்த எண்ணத்தின் வாரிசுகள்தான். சந்தையில் தேடும்போது இந்தப் பெயர்களில் தொடங்குங்கள்.

ஐரோப்பியச் சான்றிதழில் 'ஏ' பிரிவு என்றிருந்தால், போபோர்ட் என்கிற காற்றளவுக் கணக்கில் 8க்கு மேற்பட்ட காற்றையும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலையையும் சந்திக்கும்படி கட்டிய படகு என்று பொருள். அந்தச் சான்றிதழ் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சொல்லாது. அதற்கு டேங்க்கைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: விற்பவர் 3,000 மைல் போகும் என்கிறார். நம்பலாமா?

எந்த வேகத்தில் என்று முதலில் கேளுங்கள். வேகம் இல்லாமல் சொல்லப்படும் தூரத்துக்கு அர்த்தமே இல்லை. இந்தப் படகுகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

நீரை விலக்கிப் போகும் படகுக்கு ஓர் உச்ச வேகம் உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளத்தை, அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வருவது அது. 43 அடி நீர்க்கோட்டுக்கு 8.8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்; இங்கே மைல் என்பதெல்லாம் கடல் மைல்தான்). அதை நெருங்க நெருங்க, படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏறப் பார்க்கிறது. அந்த ஏற்றத்தில் டீசல் கொட்டுகிறது. மைலுக்கு ஆகும் டீசல், வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சத்தருகே அதைவிட மோசம்.

ஒரு கணக்குப் போடுவோம். 47 அடிப் படகு, டேங்க் 5,500 லிட்டர். 6.5 நாட்டில் மைலுக்கு 2 லிட்டர் என்றால் 2,750 மைல். அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாகத் தொடாமல் வைத்தால் மீதி 2,200 மைல். ஹவாய்க்கு ஒட்டி ஒட்டிப் போதும். 8 நாட்டுக்கு முடுக்கினால் மைலுக்கு 3 லிட்டருக்கு மேல் குடிக்கும். மூன்றில் இரண்டு பங்குத் தூரம் போனதுமே கையிருப்பில் கைவைக்க வேண்டியிருக்கும். வேகத்தை விட்டுக்கொடுப்பவருக்குத்தான் தூரம் கிடைக்கும்.

ஜெனரேட்டரையும் மறந்துவிடாதீர்கள். 14 நாள் பயணத்தில் ஏசிக்காக அது இரவு பகலாக ஓடி, மணிக்கு 2.5 லிட்டர் எடுத்தால் 840 லிட்டர். அது 400 மைலுக்கு மேற்பட்ட தூரம்! பிரதான எஞ்சினில் பெரிய ஆல்டர்னேட்டரும் ஒரு இன்வெர்ட்டரும் இருந்தால், நடுக்கடலில் ஜெனரேட்டரைத் தொடவே தேவையில்லை.

வாங்குமுன் சோதனை ஓட்டத்தில் எஞ்சினின் நிமிடச் சுழற்சியை 1,200, 1,400, 1,600 என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் டீசல் செலவையும் குறித்து ஒரு அட்டவணை போடுங்கள். போகும் திசையிலும் எதிர்த் திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தால் நீரோட்டம் ஏமாற்றாது. விற்பவர் சொல்லும் எண்ணைவிட அந்த அட்டவணை மதிப்புள்ளது.

கேள்வி: நடுக்கடலில் ஒரே எஞ்சின் என்றால் பயமாக இருக்கிறது சார். இரட்டை எஞ்சின்தானே பாதுகாப்பு?

பயம் நியாயமானது. ஆனால் டீசல் எஞ்சின் தானாகச் சாவது அரிது. அழுக்கு டீசல், டீசலில் தண்ணீர், குளிர்விக்கும் நீர் வராமல் போவது, புரொப்பெல்லரில் கயிறு: எஞ்சினை நிறுத்துகிறவை பெரும்பாலும் இந்த நான்கும்தான். முதல் காரணம் வந்தால் ஒரே டேங்க்கிலிருந்து குடிக்கும் இரண்டு எஞ்சினும் சேர்ந்தே நிற்கும். கயிறு விஷயத்தில் ஒற்றை எஞ்சினுக்கே ஆதாயம் அதிகம். அதன் புரொப்பெல்லர் நடுவில், கீலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். இரட்டை எஞ்சினில் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும்.

என் தேர்வு, ஒரு பெரிய எஞ்சினும் கூடவே ஒரு சிறிய 'விங்' எஞ்சினும். சிறியதற்குத் தனி ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு), தனி டேங்க், தனி பேட்டரி, மடங்கும் புரொப்பெல்லர். அமைதியான கடலில் 4 நாட்டுக்கு மேல் இழுக்கும். ஆனால் அதைப் பயணத்தில் அடிக்கடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடாத விங் எஞ்சின், தேவைப்படும் நேரத்தில் கை கொடுக்காது.

கேள்வி: ட்ரை எக்ஸாஸ்ட் நல்லதா?

ஆம். மீன்பிடித் தொழிலில் நிரூபணமானது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், படகின் அடியில் பதித்த குழாய்க்குள் ஓடிக் குளிர்கிறது. எஞ்சின் புகை, கடல்நீர் கலக்காமல் உலர்ந்தபடியே புகைபோக்கி வழியாக மேலே போகிறது. எஞ்சினுக்குக் கடல்நீர் பம்ப் இல்லை, அதற்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரமும் இல்லை, அதனால் வரும் கோளாறும் இல்லை. மேல்தளத்தில் கொஞ்சம் கரி விழும். துடைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்குக் கடல் மயக்கம் உண்டு. ஸ்டெபிலைசர் இருந்தால் போதுமா அண்ணை?

ஸ்டெபிலைசர், அதாவது படகின் உருளலை அடக்கும் அமைப்பு, இல்லாமல் இந்த வகைப் படகில் பெருங்கடலுக்குப் போகவே வேண்டாம். உருண்ட அடிப்பகுதி, பக்கவாட்டு அலையில் இரண்டு பக்கமும் உருளும். பாய்மரப் படகுக்குக் காற்றே பிடிமானம். இதற்கு அது கிடையாது.

இரண்டு வழி உண்டு. ஒன்று, அடியில் பதித்த துடுப்புகள். படகின் சாய்வை ஜைரோ கருவி உணர்ந்து சொல்ல, ஹைட்ராலிக் அவற்றைத் திருப்பும். மிக வசதி, ஆனால் பம்ப் பிரதான எஞ்சினோடு பிணைந்திருந்தால் எஞ்சின் நின்றதும் துடுப்பும் நிற்கும். சரியாக அந்த நேரத்தில்தான் படகு பக்கவாட்டில் அலைக்குக் கிடக்கும். இன்னொன்று பாராவேன்: இரண்டு பக்கமும் நீண்ட கழி, அதன் நுனியிலிருந்து நீருக்குள் தொங்கும் 'மீன்' என்கிற இறக்கை. மின்சாரம் வேண்டாம், எஞ்சின் வேண்டாம். அரை நாட் முதல் ஒரு நாட் வரை வேகத்தைத் தின்னும், இறக்கி ஏற்ற உடம்பில் தெம்பு வேண்டும், நெருக்கமான துறைமுகத்தில் கழி இடைஞ்சல். இரண்டும் உள்ள படகு கிடைத்தால் விடாதீர்கள். கடல் மயக்கம் முற்றிலும் போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பெரும்பாலோருக்கு மூன்றாம் நாளுக்குள் உடம்பு பழகிவிடும்.

கேள்வி: 25 வருடப் பழைய படகு ஒன்று பாதி விலைக்கு வருகிறது. என்ன பார்க்க வேண்டும்?

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவரின் தரகர் காட்டும் ஆளை வேண்டாம். எஞ்சினுக்குத் தனி ஆள் வேண்டும். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் உப்பும் உலோகத் தூளும் தெரிந்துவிடும்.

அதற்கு முன்பு, நீங்களே ஒரு மணி நேரம் செலவிட்டுப் பார்க்கக்கூடியவை உண்டு. பிளாஸ்டிக் சுத்தியலால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கெட்டியாக வந்த சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று மாறினால், தளத்துக்குள் நிரப்பியிருக்கும் பால்சா என்கிற லேசான மரம் ஊறிப்போயிருக்கிறது. கைப்பிடிக் கம்பிகளின் அடியிலும் நங்கூர இயந்திரத்தைச் சுற்றியும்தான் முதலில் மாறும். பழைய தைவான் படகாக இருந்தால், தேக்குப் பலகையை மேல்தளத்தில் திருகி இறுக்கிய ஒவ்வொரு திருகும் ஒரு கசிவுக்கு வழி. டீசல் டேங்க்கின் சோதனை மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் கறுப்புச் சகதி கிடந்தால், அலையில் அது கலங்கி ஃபில்டருக்கு வரும். கறுப்பு இரும்பில் செய்த டேங்க் என்றால், மேற்புறத்துக் குழாய் மூட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். டேங்க்கை மாற்ற எஞ்சினைக் கழற்ற வேண்டிவரலாம், அந்தச் செலவு படகின் விலையையே கேள்விக்குள்ளாக்கும்.

எஞ்சின் அறைக்குள் நின்று நிமிர முடிகிறதா, எஞ்சினின் இரண்டு பக்கமும் போக முடிகிறதா என்பதை நான் வரவேற்பறை அழகுக்கு மேலாக வைப்பேன். கைக்கு எட்டாத ஃபில்டரை யாரும் நேரத்தில் மாற்றுவதில்லை.

சோதனை ஓட்டத்தில் முழு வேகத்தில் பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். நிர்ணயித்த சுழற்சியை எஞ்சின் எட்டவில்லை என்றாலோ வெப்பம் ஏறிக்கொண்டே போனாலோ, காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வருடச் செலவு படகு விலையில் 10 சதவீதம் என்கிறார்களே?

அந்தக் கணக்கு பழைய படகு வாங்குபவரைத்தான் ஏமாற்றும். படகைத் தூக்கிக் கரையேற்றும் கட்டணம் அடிக்கணக்கில் வரும். நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பாதி விலைக்கு வாங்கிய படகுக்கும் அதே கட்டணம், அதே வண்ணப்பூச்சு, அதே ஃபில்டர். ஆகவே வாங்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்கு உள்ள படகைத் தேடுங்கள்.

காப்பீட்டை முன்பே விசாரியுங்கள். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் எந்த எல்லைக்குள் இருக்கக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். அனுபவமில்லாத உரிமையாளருக்குக் கூடவே ஒரு கேப்டனையும் கேட்பார்கள்.

கேள்வி: என் கணவருக்குப் படகு ஓட்டத் தெரியும். நான் கூடப் போனால் போதுமா? நாங்கள் இருவர் மட்டும்தான்.

போதாது அம்மா, இதை உங்கள் நன்மைக்காகவே அழுத்திச் சொல்கிறேன். அவர் தூங்கும் நேரத்தில் கப்பல் உங்கள் கையில். அவர் தண்ணீரில் விழுந்தால், திரும்பிப் போய் எடுக்க வேண்டியவர் நீங்கள். எஞ்சினை நிறுத்துவது, விழுந்த இடத்தைக் கருவியில் குறிப்பது, படகைத் திருப்புவது, விஹெச்எஃப் ரேடியோவில் சானல் 16இல் உதவி கேட்பது, ஆளை மேலே ஏற்றும் கப்பியை இயக்குவது: ஐந்தையும் அவர் உதவியின்றிச் செய்து பழகுங்கள். அதேபோல அவருக்கும், நீங்கள் செய்கிற எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

இருவராகப் பெருங்கடல் தாண்டியவர்கள் நிறைய உண்டு. இரவில் மூன்று அல்லது நான்கு மணி நேர முறை வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் எஞ்சின் அறைக்குள் ஒரு சுற்று. எஞ்சினுக்கு அடியில் வெள்ளை உறிஞ்சுதுணி விரித்து வைத்தால், ஒரு சொட்டு ஆயில் விழுந்தாலும் கண்ணில் படும். துப்பாக்கிபோல நீட்டி அளக்கும் வெப்பமானியால் ஆல்டர்னேட்டர், ஷாஃப்ட் சீல், கியர்பாக்ஸ் மூன்றையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஃபில்டர் மேலிருக்கும், டீசலை இழுக்கும் சிரமத்தைக் காட்டும் வாக்குவம் முள் நேற்றைவிட ஏறியிருந்தால் அழுக்கு சேர்கிறது. எஞ்சின் திணறும்வரை காத்திராமல் மாற்று ஃபில்டருக்குத் திருப்பிவிடுங்கள். நோட்டில் உள்ள முந்தைய எண்கள்தான் கோளாறை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: மலேசியாவின் லங்காவியில் படகு வாங்கி இலங்கை, மாலத்தீவு போக ஆசை. எப்போது கிளம்பலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை. வடகிழக்குப் பருவக்காற்று முதுகுப் பக்கம் தள்ளும், கடலும் பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். லங்காவியிலிருந்து இலங்கையின் காலி துறைமுகத்துக்கு ஏறக்குறைய 1,200 மைல், 6.5 நாட்டில் எட்டு நாள். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் நினைக்க வேண்டாம். நாளொன்றுக்கு 160 மைல் போகும் படகால் மோசமான வானிலையிலிருந்து ஓடித் தப்ப முடியாது, ஆகவே கிளம்பும் நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் உங்கள் பாதுகாப்பு. தேதியை முன்கூட்டி விருந்தினருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

லங்காவி தீர்வையற்ற தீவு, படகைத் தூக்கும் இடமும் உண்டு. கிளம்புமுன் அடியைச் சுத்தம் செய்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கயிறு வெட்டும் கத்தி பொருத்திவிடுங்கள். மலாக்கா நீரிணையிலும் சுமத்ரா முனையிலும் மிதக்கும் வலையும் மரக்கட்டையும் இரவில் ரேடாரில் தெரிவதில்லை.

கேள்வி: அங்கிருந்து செங்கடல் வழியாக ஐரோப்பா?

2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதைப் பார்த்த பிறகு, குடும்பத்தோடு அந்தப் பாதையில் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஐரோப்பா போயே ஆக வேண்டும் என்றால் படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பும் வழி இருக்கிறது. செலவு அதிகம், ஆனாலும் நான் அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: எல்லாம் படித்தேன். முதலில் என்ன செய்வது?

படகு பார்க்கப் போகாதீர்கள். இத்தகைய படகைக் கொண்டுபோகும் யாரிடமாவது கேட்டு, ஐந்தாறு நாள் கரை தெரியாத ஒரு பயணத்தில் ஆளோடு ஆளாக ஏறிக்கொள்ளுங்கள். இரவுக் காவல் பாருங்கள், எஞ்சின் அறைச் சுற்றில் கூடப் போங்கள், ஃபில்டரை உங்கள் கையால் மாற்றுங்கள். இறங்கியதும் அடுத்த பயணம் எப்போது என்று கேட்கத் தோன்றினால், மேலே சொன்ன அட்டவணையோடு படகு தேடத் தொடங்குங்கள்.