ஆசிரியர் யார் என்று ஆசிரியருக்கே தெரியவில்லை

கேள்வி: சேலத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 3 வருடமாகத் தமிழில் ஒரு தொழில்நுட்ப மாத இதழ் நடத்துகிறேன். அச்சில் 300 பிரதி; மற்றவர்களுக்கு மின்னஞ்சலில் போகிறது. பெங்களூரு தொழில்நுட்ப மாநாட்டுக்கு பிரஸ் பாஸ் கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் 'ஏற்க இயலவில்லை' என்று ஒரே வரி. இந்த முறை ஆசிரியர் கடிதம்கூட வைத்திருந்தேன். (என் வேலை காரணமாக ஆசிரியர் என்று மனைவி பெயரைப் போட்டிருக்கிறோம். அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை. அந்த வாரம் பெங்களூரிலிருந்து யாரோ ஆங்கிலத்தில் பேசினார்கள், ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன் என்றாள்.) சிறு பத்திரிகை என்றால் இவ்வளவு இளக்காரமா?
– 'சேர்வராயன்', அஸ்தம்பட்டி

பதில்: தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுத் தாண்டிப் போனீர்களே, அந்த போனைப் பற்றி முதலில் பேசுவோம்.

மாநாட்டின் ஊடகப் பிரிவில் இருப்பவருக்கு உங்கள் இதழைத் தெரியாது. பெரிய நாளிதழ் என்றால் பெயரைப் பார்த்ததும் வேலை முடிந்தது. சின்ன இதழ் என்றால் கடிதத்தில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு, "இவர் உங்கள் நிருபர்தானா?" என்று ஆசிரியரிடம் கேட்பார்கள். உங்கள் வீட்டுக்கும் அதற்காகத்தான் கூப்பிட்டிருப்பார்கள். ஆசிரியர் 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டார். அதற்கு மேல் யார் பாஸ் கொடுப்பார்கள்?

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது யார்? உங்கள் மனைவி போட்டிருந்தால் பெங்களூர் என்றதுமே விஷயம் புரிந்திருக்கும். நீங்களே போட்டீர்கள் என்றால், அதற்குப் பெயர் ஆர்வக்கோளாறு இல்லை, பொய்க் கையெழுத்து. ஆசிரியர் என்று அச்சில் வரும் பெயர் அலங்காரத்துக்கு இல்லை. நாளைக்கு ஒரு கம்பெனி அவதூறு வழக்குப் போட்டால் முதல் நோட்டீஸ் அந்தப் பெயருக்குத்தான் வரும். ஒரு வரிகூடப் படிக்காத இதழுக்காக உங்கள் மனைவி கோர்ட் படி ஏற வேண்டுமா? கல்யாணம் பண்ணிக்கொண்டதால் அவர் பெயர் உங்கள் மேஜை ரப்பர் ஸ்டாம்பாக ஆகிவிடாது. அவருக்கு ஆர்வமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்றைக்காவது ஒரு இதழைக் கையில் கொடுத்து, "படித்துப் பார்" என்று சொன்னீர்களா?

உங்கள் வேலைக்கும் இது பாதுகாப்பு இல்லை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 படி பத்திரிகை நடத்தவோ அதன் ஆசிரியராக இருக்கவோ முன் அனுமதி வேண்டும். பெயரை மாற்றிப் போட்டுவிட்டு வேலையெல்லாம் நீங்களே செய்தால் விதியை மீறியது மீறியதுதான். கழுத்தில் பிரஸ் அட்டையோடு நிற்கும் படம் உங்கள் அலுவலகத்துக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? மேலதிகாரி வழியாக அனுமதி கேளுங்கள். கிடைக்கும்வரை நடத்தும் பொறுப்பை அந்த இரண்டு நண்பர்களில் ஒருவர் மனதாரத் தோளில் ஏற்றுக்கொள்ளட்டும்.

அச்சில் வருகிறது என்கிறீர்கள், பதிவு எண் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்திரிகைப் பதிவுக்கான 1867 சட்டம் போய், 2023-இல் வந்த புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலைப்புக்கும் பதிவுக்கும் அரசின் 'பிரஸ் சேவா' இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அறிவியல், தொழில்நுட்ப ஆய்விதழுக்கு விலக்கு உண்டுதான். ஆனால் மாநாட்டுச் செய்தி போடப் போகிறவர் அந்த விலக்கைக் கேட்க முடியாது. சங்கம் என்ற பெயரில் காசுக்கு விற்கிற பிரஸ் கார்டை மட்டும் வாங்காதீர்கள். வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கரும் அப்படித்தான், மாநாட்டு மேஜையில் இரண்டுக்கும் மதிப்பில்லை.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு விண்ணப்பத்துக்கு வாருங்கள். சின்ன இதழ்கள் அதிகம் சறுக்குவது பெயரில். உங்கள் பெயர் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'முருகேசன் ச', கடிதத்தில் 'எஸ். முருகேசன்', கட்டுரையில் 'சேர்வராயன்'. மூன்றும் ஒரே ஆள் என்று பெங்களூரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் இனிஷியலைப் போடுவதா அப்பா பெயரைப் போடுவதா என்று குழம்பி, ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி எழுதிவிடுவோம். அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் எழுதுங்கள். 'சேர்வராயன் என்ற பெயரில் எழுதுபவர் இவரே' என்று ஆசிரியர் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். கடிதத்தில் தேதி, மாநாட்டின் பெயர், நீங்கள் செய்தி சேகரிக்கப் போகும் நாட்கள், ஆசிரியரின் எண் எல்லாம் இருக்க வேண்டும். ஜிமெயிலிலிருந்து அனுப்பாமல் இதழின் சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள்.

கடந்த ஆறு மாதத்தில் உங்கள் பெயரோடும் தேதியோடும் வந்த மூன்று கட்டுரைகளை வையுங்கள். கம்பெனி அறிக்கையைத் தமிழில் மாற்றிப் போட்டதை வைக்காதீர்கள், படித்த உடனே தெரிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இடத்துக்கு லேசர் வெல்டிங் மெஷின் வந்தால் பற்றவைக்கிறவருடைய கூலி என்னாகும், ஏற்காட்டு காபித் தோட்டத்தில் மண் ஈரம் பார்க்கும் சென்சார் மழைக்காலத்தில் ஏன் மக்கர் பண்ணுகிறது – இப்படி நீங்கள் நேரில் போய்ப் பார்த்து எழுதியதை வையுங்கள். பெங்களூர் நிருபர் யாரும் இதை எழுதப் போவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரி ஆங்கிலச் சுருக்கம் கட்டாயம். அது இல்லாவிட்டால் தமிழ் தெரியாதவர் கட்டுரையைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். 300 பிரதியை 3,000 ஆக்காதீர்கள். அந்த 300 பேர் யார் என்று எழுதினால் போதும்.

மாநாட்டுக்கு எட்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் முன்னதாகவே பல இடங்களில் மூடிவிடுகிறார்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் கூப்பிட்டுக் கேளுங்கள். பாஸ் கிடைத்தால் அங்கே விளம்பரம் பிடிக்கக் கூடாது, அடுத்த வருடம் கதவு மூடிவிடும். கிடைக்காவிட்டால் கண்காட்சிக்கு மட்டும் பார்வையாளராகப் பதிந்து போகலாம். ஸ்டாலில் நிற்கும் இன்ஜினீயர் உங்கள் அட்டையின் நிறத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கடிதத்தின் நகலை எடுத்து மனைவி முன்னால் வையுங்கள். என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆசிரியராக இருக்கச் சம்மதமா என்று கேளுங்கள். சரி என்றால் அடுத்த இதழ் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கமும் அவர் கைக்குப் போய்த் திரும்பட்டும். மாட்டேன் என்றால் நாளைக்கே அவர் பெயரை எடுத்துவிடுங்கள்.