குறைஞ்ச ரேட் டிக்கெட்ல போற குடும்பத்துக்கு, புள்ளைய பக்கத்துல உக்கார வைக்க ஏர்லைன் தனியா காசு வாங்கலாமா?

கேள்வி கேட்டவரு இன்னா சொல்றாருன்னா, சீப் டிக்கெட் எடுத்துட்டு சீட்டுக்கு காசு கட்டாம வர்றவங்க, ஃப்ளைட்ல ஏறினதுக்கு அப்புறம் "குழந்த இருக்குது, கொஞ்சம் மாறி உக்காருங்க"ன்னு கேக்கறாங்க, காசு கட்டி சீட் புடிச்ச நான் எதுக்கு எந்திரிக்கணும், இது அவங்க தப்பா ஏர்லைன் தப்பான்னு.

ஏர்லைன் தப்பு சார். நீங்க எந்திரிக்கவே வேணாம், புள்ளையோட வர்ற அம்மாவும் காசு கட்ட வேணாம். டிக்கெட் போடும்போதே புள்ளையோட வயச வாங்கி வச்சிக்கறாங்க இல்ல, அப்பவே கம்ப்யூட்டர்ல ரெண்டு சீட்ட சேத்து ஒதுக்கிட்டா உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல இந்த பேச்சே வராது.

நான் வேலூர்ல சின்னதா ஒரு டிக்கெட் கடை வச்சிருக்கேன், சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்துல. பஸ், ட்ரெயின், ஃப்ளைட் எல்லாம் போடுவேன். எங்க ஏரியாவுல போர்டு எல்லாம் பெங்காலிலயும் எழுதியிருப்பாங்க, பாத்தவங்களுக்கு தெரியும், கல்கத்தா பக்கம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ்னு வைத்தியத்துக்கு வர்ற ஜனங்க அவ்ளோ பேரு. அவங்க ஒரு பக்கம், ஆம்பூர் வாணியம்பாடி பாய்ங்க ஒரு பக்கம், புனே பாம்பேன்னு வேலைக்கு போன புருஷன பாக்க புள்ளைங்கள கூட்டிகினு போற குடியாத்தம் பேர்ணாம்பட்டு பொம்பளைங்க ஒரு பக்கம். யாரும் ஜாலிக்கு ஃப்ளைட் ஏற்றவங்க இல்ல. எங்க அப்துல்லாபுரம் ஏர்போர்ட்ட, சின்ன ஊருக்கும் ஃப்ளைட் விடற உதான் திட்டத்துல சேத்து வருஷக்கணக்காச்சு, அத நம்பி யாரும் இல்ல, எல்லாரும் மீனம்பாக்கம்தான். காலைல 6 மணி ஃப்ளைட்டுன்னா நடுராத்திரிக்கே புள்ளைங்கள தூக்கத்துல தூக்கிகினு வண்டி ஏறணும், வாலாஜா டோல்கேட், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் தாண்டி போயி சேர்றதுக்குள்ள புள்ளைங்க ஒரு தடவ வாந்தி எடுத்திருக்கும். அதுக்கப்புறம் கவுன்டர்ல போயி சீட்டுக்கு பேரம் பேசுன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க.

மொதல்ல சட்டம் இன்னா சொல்லுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா கேள்விக்கு கீழ இருக்கற பாதி பேரு இது ஏர்லைன் இஷ்டம்னு நெனச்சிகினு இருக்காங்க. 2024 ஏப்ரல்ல டிஜிசிஏ, அதாவது ஏர்லைன்களுக்கு ரூல் போடற மத்திய அரசு அமைப்பு, தெளிவா ஆர்டர் போட்டுச்சு. 12 வயசு வரைக்கும் இருக்கற புள்ளைங்களுக்கு, அதே பிஎன்ஆர்ல, அதாவது ஒரே புக்கிங் நம்பர்ல, கூட வர்ற அப்பா அம்மா இல்ல கார்டியன், யாராவது ஒருத்தர் பக்கத்துல சீட் குடுக்கணும், அப்படி குடுத்ததுக்கு ரெக்கார்டும் வச்சிருக்கணும். சீட் செலக்ஷன், பேக்கேஜ், சாப்பாடு இதுக்கெல்லாம் தனியா காசு வாங்கிக்கலாம்னு ஒரு சர்க்குலர் இருக்குது, அந்த சர்க்குலர்லயேதான் இதையும் சேத்தாங்க. அதே சர்க்குலர்ல இன்னொண்ணும் இருக்குது, இந்த எக்ஸ்ட்ரா எல்லாம் நாமளா வேணும்னு டிக் பண்ணாதான் சேரணும், அவங்களா சேக்கக் கூடாது, சீட் எடுக்காதவங்களுக்கு சிஸ்டமே ஒண்ணு ஒதுக்கிக் குடுக்கணும். அதாவது சீட்டுக்கு ஒரு ரூபா கட்டலைன்னாலும் உங்களுக்கு சீட் உண்டு, புள்ளைக்கு உங்க பக்கத்துல உண்டு.

அப்புறம் ஏன் ஜனங்க காசு கட்டறாங்க? பயம். வெப் செக்இன் பேஜ் தொறந்தா ஃப்ளைட் படம் வரும், ஒவ்வொரு சீட் மேலயும் ஒரு ரேட்டு, பின்னாடி 200, 300ன்னு ஆரம்பிச்சு முன்னாடி வர வர ஏறிகினே போகும், கால் நீட்ற சீட்டுன்னா ஆயிரத்துக்கு மேல கூட போகும். சீட் எடுக்காம அப்படியே தாண்டிப் போற பட்டன் எங்கயோ ஓரமா சின்னதா இருக்கும், இல்லன்னா அத அழுத்தினா "உங்க சீட் தனித்தனியா வரலாம், பரவாயில்லையா?"ன்ற மாதிரி ஒண்ணு கேக்கும். 3 வயசு புள்ளைய வச்சிகினு இருக்கற அம்மா அத படிச்சா கை நடுங்காதா? உடனே கட்டிடுவாங்க. நான் "வேணாம்மா, ஃப்ரீயாவே தரணும்"னு சொன்னா கூட "இல்லண்ணா, அங்க போயி தரலைன்னா இன்னா பண்றது"ன்னு கேப்பாங்க, நான் இன்னா கியாரண்டி குடுக்க முடியும்.

கியாரண்டி குடுக்க முடியாதுன்னு ஏன் சொல்றேன்னா, பேர்ணாம்பட்டு பக்கத்து அம்மா ஒருத்தங்க, 5 வயசு பையன், 3 வயசு பாப்பா, சென்னைல இருந்து புனே, மூணு பேரும் ஒரே பிஎன்ஆர், நான்தான் போட்டேன். சீட்ட சிஸ்டம் குடுக்கட்டும்னு விட்டோம். குடுத்துச்சு, மூணும் மூணு வரிசைல, மூணுமே நடு சீட்டு. ஜன்னல் சீட்டும் ஓரத்து சீட்டும் காசு கட்டறவனுக்குன்னு புடிச்சு வச்சிகினு, யாரும் சீந்தாத நடு சீட்ட எல்லாம் ஃப்ரீ ஆளுங்களுக்கு தள்ளி விட்டா அப்படித்தான் வரும். ஏர்லைன் பேரு வேணாம். ஏர்போர்ட்ல இருந்து ஃபோன் பண்ணாங்க, "அண்ணா, பாப்பாவுக்கு எங்கயோ தனியா போட்டு வச்சிருக்காங்க, மாத்தணும்னா காசு கேக்கறாங்க." சண்ட போடாதீங்க, "ஒரே பிஎன்ஆர், ரெண்டும் 12 வயசுக்கு கீழ, டிஜிசிஏ ரூல்"னு மட்டும் சொல்லுங்க, சூப்பர்வைசர கூப்புடச் சொல்லுங்கன்னேன். சூப்பர்வைசர் வந்தவுடனே மாத்திட்டாங்க, காசு இல்ல. பாப்பாவும் அம்மாவும் சேந்து, பையன் அதே வரிசைல நடக்கற வழிக்கு அந்தப் பக்கம். அஞ்சு நிமிஷத்துல முடியற வேலைய மொதல்லயே ஏன் செய்யலன்னு எனக்கு இன்னும் புரியல, இல்ல நல்லாவே புரியுது, பத்து பேருல எட்டு பேரு கேக்க மாட்டாங்க, கட்டிடுவாங்க.

"கம்மி விலைல வாங்கினா இப்படித்தான்"னு எழுதறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ரெண்டு வயசு தாண்டின புள்ளைக்கு நம்ம பட்ஜெட் ஏர்லைன்கள்ல பெரும்பாலும் பெரியவங்க ரேட்டுதான். அர டிக்கெட் எல்லாம் ட்ரெயின்லதான், அதுவும் இப்போ பெர்த் வேணும்னா முழு காசு. முழு டிக்கெட் வாங்கிட்டு அந்த டிக்கெட்டுக்கு உரிய ஆள தனியா உக்கார வைக்கிறேன்னா, அந்த ஆளு தனியா பெல்ட் போடத் தெரிஞ்சவனா இருக்கணும் இல்ல? பாத்ரூம் போகணும்னு யார்கிட்ட சொல்லும்? பொம்பள புள்ளைய முன்ன பின்ன தெரியாத ஆளுங்க நடுவுல விட்டுட்டு எந்த அம்மா நிம்மதியா இருப்பா, அத நான் எழுதி விளக்கணுமா.

சேஃப்டி விஷயம் இதவிட பெரிசு. ஏறினவுடனே சொல்வாங்களே, ஆக்ஸிஜன் மாஸ்க் விழுந்தா மொதல்ல நீங்க போட்டுகினு அப்புறம் புள்ளைக்கு போடுங்கன்னு. புள்ள கைக்கு எட்டற தூரத்துல இருக்குதுன்ற கணக்குல சொல்றதுதானே அது? 35,000 அடில காத்தழுத்தம் போச்சுன்னா ஒரு பெரிய ஆளுக்கே சுதாரிச்சு செய்ய அர நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம்தான். எட்டு வரிசை தள்ளி இருக்கற புள்ளைக்கு யாரு போடுவா, பக்கத்துல லேப்டாப்ல எக்செல் பாத்துகினு இருந்த தம்பியா? அவசரமா எறங்கறதும் அப்படித்தான். பாதி கதவு மூடியிருந்தாலும் 90 செகண்டுல எல்லாரும் வெளில வரணும்னு டெஸ்ட் வச்சுதான் பெரிய ஃப்ளைட்டுக்கு சர்டிஃபிகேட் குடுக்கறாங்க. எல்லாரும் கதவப் பாத்து ஓடும்போது ஒரு அம்மா மட்டும் பின்னாடி பாத்து ஓடினா வழியே அடைச்சிடும், சீட்டுக்கு காசு கட்டினவங்களும் அதே வழிலதான் எறங்கணும்.

இதுல ஏர்லைன் சிஸ்டத்தால முடியாதுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. மடில வச்சிக்கற கைக்குழந்தைங்க விஷயத்துல எவ்ளோ துல்லியமா பாக்கறாங்க தெரியுமா. மூணு சீட் இருக்கற ஒரு பக்கத்துக்கு மேல பொதுவா நாலு மாஸ்க்தான் இருக்கும், அதனால அந்த மூணு சீட்டுல ரெண்டு கைக்குழந்த வர விட மாட்டாங்க. எமர்ஜென்சி கதவு வரிசைல புள்ளைங்கள போட மாட்டாங்க. அதெல்லாம் செய்யுதில்ல, இதையும் செய்யும்.

காசு கட்டின பாசஞ்சர் பக்கமும் நான் பேசணும். முட்டி வலின்னு ஓரத்து சீட்டுக்கு காசு கட்டி வந்த பெரியவரு ஒருத்தர எந்திரிக்கச் சொல்லி, அவரு மாட்டேன்னா சுத்தி இருக்கற எல்லாரும் அவர கொலகாரன் மாதிரி பாக்கறது, அது ரொம்ப அநியாயம். அவர்கிட்டயும் காசு வாங்கிட்டு, சமாதானம் பண்ற வேலைய ஏர்ஹோஸ்டஸ் புள்ளைங்க தலைல கட்டிட்டு, கம்பெனி மட்டும் நல்ல பேரோட இருக்குது. அதே சமயம் எல்லா குடும்பமும் நியாயமா கேக்குதுன்னும் சொல்ல மாட்டேன். என் கஸ்டமர்லயே இருக்காங்க, மாமியாரு, நாத்தனாரு, ஆறு பேரும் ஒரே வரிசைல, அதுவும் முன்னாடி, ஜன்னலோட வேணும், ஃப்ரீயா வேணும்னு. அது முடியாது. புள்ளைக்கு ஒரு பெரியவங்க பக்கத்துல, அவ்ளோதான் உரிமை, பின்னாடி வரிசைல குடுத்தாலும் வாங்கிக்கணும். ஜன்னல் வேணும்னா காசு கட்டுங்க.

மத்த ஊருல எப்படின்னு கேட்டா, கனடாவுல 2019 டிசம்பர்ல இருந்து வயசு வாரியா பிரிச்சு வச்சிருக்காங்க, 4 வயசு வரைக்கும் ஒட்டின சீட்டு, 5ல இருந்து 11 வரைக்கும் அதே வரிசைல நடுவுல ஒரு சீட்டுக்கு மேல போகக் கூடாது, 12, 13 வயசுன்னா ஒரு வரிசை தள்ளலாம், எதுக்கும் காசு கெடையாது. எனக்கு அதுதான் ரொம்ப புடிச்சிருக்குது, ஏன்னா "பக்கத்துல"ன்னா எவ்ளோ பக்கத்துலன்னு கவுன்டர்ல வாதாட வேண்டியதில்ல. அமெரிக்காவுல 2024ல 13 வயசு வரைக்கும் ஃப்ரீயா பக்கத்துல தரணும்னு ரூல் கொண்டாரோம்னு முன்மொழிஞ்சாங்க. ஐரோப்பாவுல ரயன்ஏர்னு ஒரு பட்ஜெட் ஏர்லைன் வேற ரூட்டு, 12 வயசுக்கு கீழ புள்ளைங்களோட வந்தா பெரியவங்க ஒருத்தர் காசு கட்டி சீட் எடுத்தே ஆகணும், புள்ளைங்க சீட்டு ஃப்ரீ. பாக்கறதுக்கு தாராளம் மாதிரி இருக்கும், ஆனா புள்ள இருக்கறவன் கட்டாயமா கட்டணும்னா அது புள்ளைக்கு போட்ட வரிதான்.

நம்ம ரூல்ல எனக்கு இருக்கற ஒரே கொற அந்த "ஒரே பிஎன்ஆர்"தான். சிஎம்சிக்கு வர்றவங்களுக்கு திரும்பிப் போற தேதி தெரியாது. ஆபரேஷன் தள்ளிப் போகும், டாக்டர் இன்னும் ஒரு வாரம் இருன்னுவாரு. அப்பா லீவு முடிஞ்சு போச்சுன்னு தனியா டிக்கெட் போட்டிருப்பாரு, அப்புறம் அதே ஃப்ளைட்டுக்கு மாத்துவாரு, அம்மாவும் ஆயாவும் வேற பிஎன்ஆர், புள்ள யாரோடயோ ஒட்டிகினு இருக்கும். இன்னொண்ணு, 4 பேருக்கு சேத்து தேடினா, கம்மி ரேட்ல 2 சீட்டுதான் பாக்கி இருக்குதுன்னா சிஸ்டம் 4 பேருக்கும் அடுத்த ரேட்ட காட்டும், அதனால வெவரம் தெரிஞ்சவங்க ரெண்டு ரெண்டா பிரிச்சு போடுவாங்க, நானே போட்டுக் குடுப்பேன். அப்படி பிரிக்கும்போது புள்ள யார்கிட்ட ஒட்டிகினு இருக்குமோ அவங்க பிஎன்ஆர்லயே புள்ளைய போடுங்க. காச்சல்ல இருக்கற புள்ள அம்மாகிட்டதான் போகும்னா அப்பா பிஎன்ஆர்ல போட்டு பிரயோஜனம் இல்ல, சட்டப்படி அப்பா பக்கத்துல சீட் குடுத்தாச்சுன்னு கைய விரிச்சிடுவாங்க.

வேற வேற பிஎன்ஆர்னாலும் டிக்கெட் போட்டவுடனே கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணி சேந்து வர்றோம்னு ரிமார்க் போடச் சொல்லுங்க, சில பேரு போடுவாங்க. புள்ளையோட ஆதார் இல்லன்னா பர்த் சர்டிஃபிகேட் கைல வச்சிகினு கவுன்டருக்கு சீக்கிரம் போங்க, போர்டிங் கேட்ல போயி கேட்டா ஃப்ளைட் ஃபுல்லுன்னுவாங்க. பிடிவாதமா காசு வாங்கினா ரசீது வாங்கிகினு ஏர்சேவான்ற அரசாங்க வெப்சைட்ல கம்ப்ளெய்ன்ட் போடுங்க, சர்க்குலர் பேர எழுதிப் போட்டா பதில் வருது. டிஜிசிஏ இன்னும் ஒரே ஒரு வரி சேத்தா போதும்: புள்ள பேரு இருக்கற டிக்கெட்டுக்கு வெப் செக்இன் தொறந்தா, அந்த ரேட்டு போட்ட படம் வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு சீட் நம்பரும் ஒதுக்கி, ஃப்ரீன்னு எழுதி காட்டணும்.