பார்வையற்றவர் பைத்தான் நிரலில் உள்தள்ளலை (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை) எப்படிக் கண்டுபிடிப்பார்?

காதால்தான். திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் என்விடிஏ (NVDA) என்ற இலவசத் திரைவாசிப்பானில் வரி உள்தள்ளலை அறிவிக்கும் வசதி உண்டு. முதலில் அணைந்தே இருக்கும், நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். “4 ஸ்பேஸ்” என்று சொல்ல வைக்கலாம், அல்லது பீப் ஒலியாக மாற்றலாம். வரி உள்ளே போகப் போக பீப்பின் சுருதி ஏறும். இஃப் (if) கட்டளைக்குள் ஒரு ஃபார் (for) வந்தால் சுருதி ஒரு படி மேலே. வெளியே வந்ததும் சட்டென்று இறங்கும். என் ஓட்டு பீப்புக்குத்தான், பேச்சு குறுக்கே வராது.

அப்புறம், நிறுத்தற்குறிகளை வாசிக்கும் அளவை “அனைத்தும்” என்று வையுங்கள். இல்லாவிட்டால் அடைப்புக்குறி விட்டுப்போனது காதுக்குத் தெரியாது.

என்விடிஏவே பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டதுதான். 2006-இல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும் பார்வையற்றவரே. என்விடிஏவுக்கு ஒரு சின்ன ஆட்-ஆன் (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்) எழுதிப் பழகுவது நல்ல தொடக்கம்.