ஆறாயிரம் ரூபாய்க்குள் முதல் ராக் க்ராலர் எதை வாங்கலாம்?

தம்பி பதினொன்றாவது படிக்கிறான், ஆறாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான், பாறை ஏறும் ரிமோட் கார்தான் வேண்டும் என்கிறான், எதை வாங்கித் தருவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வீடு வடசென்னையில் காலடிப்பேட்டை. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் வரிசை நடந்து போகிற தூரம். நாலு வருடமாக ஞாயிறு காலைகளில் என் மகனோடு அங்கே வண்டி விடுகிறேன்.

அட்டைப் பெட்டியில் ‘ராக் க்ராலர்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். எங்கள் முதல் வண்டி அப்படி வாங்கியதுதான். பெரிய டயர், வெளியே தெரியும் ஸ்பிரிங், பார்க்கக் கெத்தாக இருந்தது. ரிமோட்டில் ட்ரிக்கரைத் தொட்டால் முழு வேகம், விட்டால் நின்றுவிடும். ஸ்டியரிங்கும் ஒரேயடியாக இந்தக் கோடி, இல்லை அந்தக் கோடி. கல்லில் மோதி மல்லாக்க விழுந்துகொண்டே இருந்தது. ஒரு மாதத்தில் உள்ளே பல்சக்கரம் தேய்ந்துபோக, அதற்குத் தனியாக பார்ட்ஸ் வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். பையன் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். ட்ரிக்கரை மயிரிழை அழுத்தினால் வண்டி எறும்பு மாதிரி ஊர வேண்டும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் சக்கரமும் கொஞ்சம்தான் திரும்ப வேண்டும். இதை ‘ப்ரொபோர்ஷனல்’ என்பார்கள். இது இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து, சுவிட்சை அணைத்துவிட்டு வண்டியைத் தூக்கிப் பிடித்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எதிர்ச் சக்கரமும் அதே திசையில் சுற்றினால் ஆக்ஸில் லாக் ஆகியிருக்கிறது, அதாவது இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும், நல்லது. எதிர்த்திசையில் சுற்றினால் உள்ளே சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கிறது. கல்லுக்கு மேல் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது சக்தியெல்லாம் அதிலேயே வீணாகும், தரையில் இருக்கும் சக்கரம் இழுக்காது. முன்பக்கமும் இதேபோல் பார்த்துவிடுங்கள். டயரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், குழைய வேண்டும். கட்டை மாதிரி இருந்தால் கருங்கல்லில் பிடிமானம் கிடைக்காது.

சரி, எந்த வண்டி? ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்24, டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம் இரண்டும் அருமையான சின்ன வண்டிகள், ஆனால் உங்கள் தொகைக்கு எட்டாது. நீங்கள் டபிள்யூபிஎல் சி-24 (நிஜ வண்டியில் 1/16 அளவு), எம்என் டி-90 (1/12 அளவு) வகைகளைத் தேடுங்கள். நிறையப் பேர் வைத்திருப்பதால் கியர், ஆக்ஸில், டயர் எல்லாம் தனித்தனியாக ஆன்லைனில் கிடைக்கும். முதல் வண்டி கட்டாயம் உடையும், ஆகவே பார்ட்ஸ் கிடைப்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்ப்பேன். இவை கிட்டாகவும், அதாவது நாமே பூட்டிக்கொள்ளும்படி உதிரியாகவும் வருகின்றன. கிட் எடுத்தால் மோட்டார், ரிமோட், பேட்டரி எது சேர்ந்தது, எது சேராதது என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, இந்த மலிவு வண்டிகள் சிலவற்றில் ஸ்டியரிங் சர்வோவுக்கு (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார்) ஐந்து ஒயர் போகும். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் மூன்று ஒயர் சர்வோவை அதில் மாட்ட முடியாது, சர்க்யூட் போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். முடிந்தால் மூன்று ஒயர் மாடலையே கேளுங்கள்.

ஆறாயிரத்தையும் வண்டிக்கே போட்டுவிடாமல் ஒரு ஆயிரமாவது கையில் வையுங்கள். இரண்டாவது பேட்டரி வேண்டும், எடை சேர்க்க வேண்டும். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்வதால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு வண்டி பின்பக்கமாக மல்லாக்க விழும். முன்பக்கம், அதுவும் தரைக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, எடை இருந்தால் அது குறையும். நாங்கள் காசிமேட்டில் வலைச்சாமான் கடையில் சின்ன ஈயக் குண்டுகள் வாங்கித் தட்டையாக அடித்து, முன்சக்கர ரிம்முக்குள் இரண்டு பக்கமும் சம எடையாக டேப் சுற்றி ஒட்டினோம். அதுவரை ஏறாமல் சறுக்கிய ஒரு கல்லில் அன்றைக்கு மாலையே ஏறியது, பையன் போட்ட கூச்சலில் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து பார்த்தார்! ஈயத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், தம்பிக்குச் சொல்லிவிடுங்கள். கூரை மேல் லைட், கேரியர் எல்லாம் அழகுதான், ஆனால் எடை மேலே ஏறிவிடும். இப்போதைக்கு வேண்டாம்.

பேட்டரி பெரும்பாலும் 7.4 வோல்ட். வண்டி சோர்ந்ததும் நிறுத்திவிடுங்கள், கடைசி சொட்டு வரை ஓட்டினால் செல் செத்துவிடும். நம்ம ஊர் வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது.

கடற்கரைக்குக் கொண்டுபோனால் உப்புத்தான் எமன். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று எழுதியிருந்தாலும் அது எலக்ட்ரானிக்ஸுக்குத்தான் பொருந்தும், பேரிங்கும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவைத்து, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அலை படுகிற கற்களில் பாசி இருக்கும், கல் இடுக்கில் கால் மாட்டும். தம்பியைத் தனியாக அனுப்பாதீர்கள், கரைப்பக்கக் கற்களே போதும்.

முதல் மாதம் மொட்டை மாடியே தாராளம். உடைந்த செங்கல், நாலு ஜல்லிக்கல், ஒரு பலகை போதும். எங்கள் வீட்டில் அந்தச் செங்கல் குவியல் இன்னும் தண்ணீர் டேங்க் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது, மழை நாளில் மகன் அதில்தான் ஓட்டுகிறான்.