கேள்வி–பதில்: ஹார்ட் டிஸ்கில் டிவிடி, மெனு எங்கே?

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண டிவிடி, கோயில் காவடி டிவிடி எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டேன். டிவியில் செருகினால் மெனுவே வரவில்லை, படமும் துண்டு துண்டாக ஓடுகிறது. ஏன்?
– வாசகி, சாட்ஸ்வர்த்

படம் இருப்பது விஓபி ஃபைல்களில். எந்தப் பட்டனை அமுக்கினால் எங்கே போகவேண்டும் என்ற கணக்கு ஐஎஃப்ஓ ஃபைல்களில். பெரும்பாலான டிவிகள் யூஎஸ்பியில் விஓபியை வெறும் வீடியோவாகத்தான் திறக்கும், ஐஎஃப்ஓவைத் தொடாது. ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது டிவிடி விதி. தாலி கட்டும் நேரத்தில் படம் அறுவது அதனால்தான்.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு இணையுங்கள். விஎல்சி (VLC) என்ற வீடியோ ப்ளேயரில் 'மீடியா', 'ஓபன் டிஸ்க்', 'டிவிடி' என்று போங்கள். 'நோ டிஸ்க் மெனுஸ்' கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு 'பிரவுஸ்' அமுக்கி, விஓபியும் ஐஎஃப்ஓவும் இருக்கும் வீடியோ_டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரைக் காட்டி 'ப்ளே' கொடுங்கள். ரிமோட்டோடு சோபாவில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆசை என்றால், 'கோடி' (Kodi) என்ற ப்ளேயர் ஆப் நிறுவிய ஆண்ட்ராய்டு டிவி பெட்டி வசதி. அதில் வீடியோ_டிஎஸ்.ஐஎஃப்ஓவைத் திறந்தால் மெனு வரும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா டிவிடியிலும் ஃபைல் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றேதான். தைப்பூசத்தையும் சித்ரா பௌர்ணமியையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்று மற்றதை அழித்துவிடும். 'தைப்பூசம் 2006' என்று வெளியே ஒரு ஃபோல்டர், அதற்குள் வீடியோ_டிஎஸ். வெளிப்பெயரை இஷ்டம்போல் வையுங்கள். உள்ளே இருப்பதன் பெயரை மாற்றாதீர்கள். விஓபிகளை ஒட்டவோ சுருக்கவோ வேண்டாம். ஐஎஃப்ஓவில் இருப்பது இட எண்கள், ஃபைல் மாறினால் பட்டன் தப்பான காட்சிக்குத் தாவும்.

ஒவ்வொரு டிவிடியையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக்கினேன். ஹார்ட் டிஸ்கில் ஏற்றினால் 'ஃபைல் பெரியது' என்கிறது. 500 ஜிபி காலியாகத்தானே கிடக்கிறது?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

டிஸ்க் ஃபேட்32 (FAT32) என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்குள் அடங்கவேண்டும். நிறைந்த ஒற்றை அடுக்கு டிவிடியே 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு 8.5. எக்ஸ்ஃபேட் (exFAT) அல்லது என்டிஎஃப்எஸ் (NTFS) ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளதெல்லாம் போய்விடும், முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துவையுங்கள். அது முடியாதென்றால் ஐஎஸ்ஓவை விட்டு ஃபோல்டராகவே வையுங்கள், ஃபேட்32 தாங்கும்.

காப்பி ஓடும்போது லோட்ஷெடிங்கில் கரண்ட் போனது. இப்போது ஒரு டிவிடி மட்டும் திறக்கவில்லை.
– வாசகர், லெனேசியா

டிவிடி கையில் இருந்தால் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி காப்பி செய்யுங்கள். அதற்குமுன் விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'சிஎச்கேடிஎஸ்கே' (chkdsk), டிரைவ் எழுத்து, '/எஃப்' (/f) கொடுத்து டிஸ்கைச் சரிபார்க்கவும்.

டிவிடி கீறிப்போயிருந்தால் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரில் உள்ள பியூபி (BUP) ஃபைல்களைப் பாருங்கள். ஒவ்வொரு ஐஎஃப்ஓவுக்கும் அச்சு அசல் நகல் அது. கெட்ட ஐஎஃப்ஓவை எடுத்துவிட்டு, அதே பெயருள்ள பியூபியைக் காப்பி செய்து கடைசி மூன்றெழுத்தை ஐஎஃப்ஓ என்று மாற்றினால் மெனு திரும்பும். விஓபியே அரைகுறையாக நின்றிருந்தால் இது உதவாது. தனி அடாப்டரில் ஓடும் 3.5 அங்குல டிஸ்க் என்றால், லேப்டாப்பில் பேட்டரி இருந்தும் பயனில்லை. யூபிஎஸ்ஸில் செருகிக் காப்பி செய்யுங்கள்.